கபடித் தடுப்பாட்ட உத்திகள்

கபடித் தடுப்பாட்டம் என்பது, கபடி அல்லது சடுகுடு விளையாட்டில் பாடி வரும் எதிரணி வீரரை அவர் தன் களத்துக்குத் திரும்பவிடாமல் மடக்கிப் பிடிப்பதற்குத் தடுப்பு அணியினர் கையாளும் முறைகளைக் குறிக்கும். பாடி வருபவர் ஒருவர். தடுப்பவர் எழுவர் வரை இருப்பர். எண்ணிக்கையில் இவ்வளவு வேறுபாடு இருந்தும், கால் வேகமும் உடல் வளைவும் உள்ள ஒருவரைப் பிடிப்பது எளிதன்று. அவர் தொட்டுவிட்டு நடுக்கோட்டை அடைந்தால் தொடப்பட்டவர்கள் அனைவரும் ஆட்டமிழப்பர். ஆகவே விரைந்தாடும் வீரருக்கு எதிரான தடுப்பாட்டத்தில், ஆளைப் பிடிப்பதற்கு முன்பாக அவர் திரும்பிச் செல்லும் வழியை அடைப்பதே முதன்மை நோக்கமாகக் கருதப்படுகிறது.

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் இவ்விளையாட்டு சடுகுடு, பலிஞ்சடுகுடு எனவும் அழைக்கப்படுகிறது. கபடி என்னும் பெயர் கை, பிடி ஆகிய இரு சொற்களிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் கூறப்படுவதுண்டு. பாடி வருபவர் ரெய்டர் என்றும், பிடி டேக்கிள் என்றும் போட்டி வருணனைகளில் குறிப்பிடப்படுகின்றன.

ஆடுகளமும் விதிகளும்

தடுப்பாட்ட உத்திகளைப் புரிந்துகொள்ள ஆடுகளத்தின் அளவுகளை அறிந்திருத்தல் தேவை. ஆடவர் ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. நடுக்கோடு இதனை 6.5 மீட்டர் நீளமுள்ள இரண்டு களங்களாகப் பிரிக்கிறது. இருபுறமும் 1 மீட்டர் அகலத்தில் லாபி எனப்படும் பட்டைகள் உள்ளன. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தொலைவில் பால்க் கோடும், அதிலிருந்து மேலும் 1 மீட்டர் தள்ளிப் போனஸ் கோடும் வரையப்படுகின்றன. மகளிர் ஆடுகளம் 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்டது. அதில் பால்க் கோடு நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் தொலைவில் அமையும்.

தடுப்பாட்டத்துடன் நேரடித் தொடர்புடைய விதிகள் பின்வருமாறு:

பாடி வருபவர் இடைவிடாமல் "கபடி, கபடி" எனப் பாடியவாறு 30 வினாடிகளுக்குள் திரும்ப வேண்டும்.

அவர் யாரையும் தொடாத நிலையில் பால்க் கோட்டையாவது ஒருமுறை கடந்திருக்க வேண்டும். கடக்காமல் திரும்பினால் ஆட்டமிழப்பார்.

தடுப்பு அணியில் ஆறு பேரோ அதற்கு மேலோ களத்தில் இருக்கும்போது போனஸ் கோட்டைக் கடந்தால் அவருக்கு ஒரு புள்ளி கிடைக்கும்.

ஒருவரையொருவர் தொடும் வரை லாபி ஆடுகளத்தில் சேராது. தொட்ட பிறகு அது ஆடுகளத்தின் பகுதியாகிவிடும்.

பிடிபட்டவர் பாட்டை விடாமல் தன் உடலின் எந்தப் பகுதியாலேனும் நடுக்கோட்டுக்கு அப்பாலுள்ள தரையைத் தொட்டுவிட்டால் அவர் தப்பியவராவார். அவரைத் தொட்டவர்களும் பிடித்தவர்களும் ஆட்டமிழப்பர்.

மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ களத்தில் இருக்கும்போது பிடி வெற்றி பெற்றால், வழக்கமான ஒரு புள்ளியுடன் கூடுதலாக ஒரு புள்ளி வழங்கப்படும். இது சூப்பர் டேக்கிள் எனப்படுகிறது.

அணியின் அனைவரும் ஆட்டமிழந்தால் எதிரணிக்குக் கூடுதலாக 2 புள்ளிகள் கிடைக்கும். இது லோனா எனப்படும்.

நிலைகளும் பொறுப்புகளும்

எழுவரும் களத்தில் இருக்கும்போது பொதுவாக வளைந்த பிறை வடிவில் நிற்பர். இரு ஓரங்களின் கடைசியில் நிற்பவர்கள் இடது கார்னர், வலது கார்னர் எனப்படுவர். அவர்களுக்கு அடுத்து நிற்பவர்கள் இடது இன், வலது இன் எனவும், அவர்களுக்கு உட்புறத்தில் நிற்பவர்கள் இடது கவர், வலது கவர் எனவும், நடுவில் நிற்பவர் சென்டர் எனவும் அழைக்கப்படுவர்.

கார்னர் நிலையில் நிற்பவர்களே பெரும்பாலும் பிடியைத் தொடங்குகின்றனர். பாடி வருபவர் ஓரத்தை நோக்கிக் காலை நீட்டும்போது கணுக்காலையோ தொடையையோ பற்றுவது இவர்களின் பணி. கவர் நிலையில் நிற்பவர்கள் நடுக்கோட்டுக்குச் செல்லும் வழியைக் காப்பவர்கள். மோதித் தள்ளுவதும் மறிப்பதும் இவர்களுக்குரியவை. இன் நிலையினரும் சென்டரும் துணைப்பிடிக்கு உரியவர்கள். இவர்களில் ஒருவரோ இருவரோ தம் அணியின் சிறந்த பாடி வருபவராகவும் இருப்பதால், தேவையின்றித் தொடப்பட்டு ஆட்டமிழக்காமல் பின்தங்கி நிற்பதும் உண்டு.

அருகருகே நிற்பவர்கள் கைகோத்துக்கொள்வது சங்கிலி எனப்படும். எழுவர் அணியில் ஓரத்துக்கு இருவரும் நடுவில் மூவருமாகச் சங்கிலி அமைப்பது ஒரு வழக்கமான முறை. சங்கிலியின் பயன் வலிமை மட்டுமன்று. ஒருவர் முன்னே செல்லும்போது மற்றவரும் அதே அளவு நகர்வதால், இருவருக்கும் இடையில் ஆள் நுழையும் இடைவெளி ஏற்படுவதில்லை.

பிடி வகைகள்

கணுக்கால் பிடி: தாழ்ந்து பாய்ந்து ஒரு கணுக்காலையோ இரண்டையுமோ பற்றுதல். பாடி வருபவர் கால்விரலால் தொட முயலும்போதும், போனஸ் கோட்டைக் கடக்கக் காலை நீட்டும்போதும் பயன்படுவது.

தொடைப்பிடி: பக்கவாட்டிலிருந்து நெருங்கி ஒரு தொடையையோ இரு தொடைகளையுமோ கட்டிப் பிடித்துத் தரையிலிருந்து தூக்குதல். கால் ஊன்ற இடமில்லாதவர் முன்னோக்கி உந்த இயலாது என்பதே இதன் அடிப்படை.

இடுப்புப் பிடி: பாடி வருபவர் முதுகைக் காட்டித் திரும்பும்போது பின்னாலிருந்து இடுப்பைக் கட்டுதல்.

மறிப்பு: திரும்பி ஓடுபவரின் முன்னே குறுக்காக நின்று மார்பாலும் தோளாலும் தடுத்தல். இருவர் கைகோத்து மறித்தால் அது சங்கிலி மறிப்பு.

மோதல்: ஓரக்கோட்டை ஒட்டி ஓடுபவரை உடலால் மோதி ஆடுகளத்துக்கு வெளியே அனுப்புதல். இது டாஷ் என்று அழைக்கப்படுகிறது.

தலைமுடியையோ உடையையோ பற்றியிழுப்பதும், பாட்டை நிறுத்த வாயைப் பொத்துவதும், கால்களைக் கத்தரிபோல் பின்னிப் பிடிப்பதும் விதிப்படி தடை செய்யப்பட்டவை.

விரைந்தாடும் வீரருக்கு எதிரான உத்திகள்

வழியடைப்பு

பாடி வருபவர் தொடுவதற்காக எங்கு வேண்டுமானாலும் செல்லலாம். ஆனால் திரும்ப வேண்டிய இடம் நடுக்கோடு ஒன்றுதான். தடுப்பாட்டத்துக்குள்ள பெரிய சாதகம் இதுவேயாகும். அவர் போனஸ் கோட்டருகே ஓரத்தில் நிற்கிறார் எனக் கொண்டால், நேராகத் திரும்ப 4.75 மீட்டர் கடக்க வேண்டும். அதே இடத்திலிருந்து 3 மீட்டர் உள்நோக்கிச் சாய்ந்து ஓடினால் ஏறக்குறைய 5.6 மீட்டர் ஆகும். கவர் நிலையில் நிற்பவர் நேர்வழியை அடைத்துவிட்டால், பாடி வருபவர் நீண்ட சாய்வழியில் ஓட நேர்கிறது. அவ்வழியில் சென்டரும் எதிர்ப்புறக் கவரும் காத்திருப்பர்.

இதன்படி, பாடி வருபவர் இடப்புறம் சென்றால் இடது கார்னர் பின்வாங்கி இடம் கொடுக்கிறார். இடது கவர் நடுக்கோட்டுப் பக்கம் நகர்கிறார். வலப்புறத்தில் நிற்பவர்கள் தொடப்படாத தொலைவில் உள்நோக்கி வளைகின்றனர். பிறை வடிவம் இப்போது பாடி வருபவரைச் சுற்றிய வளையமாகிறது. இந்நகர்வில் எழுவரும் ஒன்றாக இயங்குவது இன்றியமையாதது. ஒருவர் ஓரடி பிந்தினால் அந்த இடைவெளியே தப்பும் வழியாகிவிடும்.

ஆழத்தில் பிடித்தல்

பிடி எந்த இடத்தில் விழுகிறது என்பது அதன் வெற்றியைப் பெரிதும் முடிவு செய்கிறது. நடுத்தர உயரமுள்ள ஒருவர் கைகளை நீட்டிக் குப்புற விழுந்தால் ஏறக்குறைய 2.2 மீட்டர் தொலைவை எட்டுவார். பால்க் கோட்டில் கால் பிடிபட்டவருக்கு 3.75 மீட்டரில் 2.2 மீட்டர் போக எஞ்சுவது சுமார் 1.5 மீட்டர் மட்டுமே. வலிமையுள்ளவர் பிடித்தவர்களையும் இழுத்துக்கொண்டு இத்தொலைவைக் கடந்துவிடுவார். போனஸ் கோட்டில் பிடிபட்டவருக்கோ 2.5 மீட்டருக்கு மேல் எஞ்சும். இதனாலேயே தடுப்பு அணியினர் கடைக்கோட்டை ஒட்டி நின்று, பாடி வருபவரை உள்ளே வரவிட்டுப் பிடிக்க முயல்கின்றனர்.

காத்திருத்தல்

இரு கால்களும் தரையில் ஊன்றி, முழங்கால் மடக்கி நிற்பவர் எத்திசையிலும் பாய இயலும். அந்நிலையில் அவரை நெருங்குவது தொடு புள்ளியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். தடுப்பவர் காத்திருக்க வேண்டிய கணங்கள் மூன்று. ஒன்று, தொடவோ உதைக்கவோ அவர் ஒரு காலைத் தூக்கும் கணம். இரண்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல உடலைத் திருப்பும் கணம். மூன்று, திரும்பிச் செல்ல முடிவெடுத்து முதுகைக் காட்டும் கணம். இம்மூன்றிலும் அவர் உடலின் பாரம் ஒரே காலில் நிற்கும். திசையை மாற்ற ஒரு நொடியின் சிறு பகுதியேனும் தேவைப்படும். பிடி அந்த இடைவேளைக்குள் விழ வேண்டும்.

பாடி வருபவரின் கண்களையும் கைகளையும் பார்த்தால் பொய்யசைவுகளில் ஏமாற நேரும். இடுப்பு பொய் காட்டுவது அரிது. ஆகவே தடுப்பவர்கள் இடுப்பையும் முழங்காலையும் பார்க்கப் பயிற்றுவிக்கப்படுகின்றனர்.

முதற்பிடியும் துணைப்பிடியும்

விரைவும் வலிமையும் உள்ளவரை ஒருவர் தனியே அடக்குவது அரிது. முதலில் பற்றுபவரின் வேலை அவரை வீழ்த்துவதன்று. அவரது வேகத்தை நிறுத்துவதே. வேகம் நின்றதும் துணைக்கு வருபவர்கள் மேலுடலைச் சூழ்ந்து, நடுக்கோட்டுக்கு எதிர்த்திசையில் தள்ளுகின்றனர். துணைக்கு வருபவர் முதற்பிடி விழுந்த பக்கத்துக்கே ஓடுவது ஒரு பிழை. பாடி வருபவருக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் சென்று நிற்பதே சரியான துணையாகும்.

முதற்பிடி விழுவதற்கு முன் துணை நெருங்கிவிட்டால் இருவரும் தொடப்படுவர். பிந்தினால் பிடி நழுவிவிடும். இப்பொருத்தம் பல மாதங்கள் ஒன்றாக ஆடியவர்களிடமே அமைகிறது. சிறந்த வீரர்களை ஓரிடத்தில் சேர்த்த புதிய அணி, நெடுநாள் பழகிய சாதாரண அணியிடம் தடுப்பாட்டத்தில் பின்தங்குவதற்கு இது ஒரு காரணம்.

நேரத்தைப் பயன்படுத்தல்

30 வினாடிகள் தடுப்பு அணிக்குச் சாதகமானவை. பாடி வருபவர் தொடாமலும் பிடிபடாமலும் திரும்பினால் எவருக்கும் புள்ளி இல்லை. புரோ கபடி லீக் போட்டிகளில் ஓர் அணி தொடர்ந்து இருமுறை புள்ளியின்றித் திரும்பினால், மூன்றாம் முறை பாடி வருபவர் கட்டாயம் புள்ளி எடுக்க வேண்டும், இல்லையேல் ஆட்டமிழப்பார். ஆகவே தடுப்பு அணி முதலிரு முறைகளில் ஆழமாக நின்று எதனையும் கொடுக்காமல் விட்டு, கட்டாயத்தின் பேரில் அவர் உள்ளே வரும் மூன்றாம் முறையில் பிடிக்க முயல்வது வழக்கமான உத்தியாகும்.

புள்ளிக் கணக்கு

ஒரு பிடி முயற்சி எப்போது பயனுள்ளது என்பதை எளிய கணக்கால் விளக்கலாம். பிடி வெற்றி பெற்றால் 1 புள்ளி. தோற்றால், எத்தனை பேர் தொட்டிருந்தனரோ அத்தனை புள்ளிகள் எதிரணிக்குச் செல்லும். ஒருவர் மட்டும் முயன்றால், இரண்டில் ஒருமுறை வென்றாலே கணக்கு நேராகும். இருவர் ஈடுபட்டால் மூன்றில் இருமுறை வெல்ல வேண்டும். மூவர் ஈடுபட்டால் நான்கில் மும்முறை வெல்ல வேண்டும். அதிகம் பேர் சேரும்போது வெற்றி வாய்ப்பு கூடுவது உண்மையே. ஆயினும் அது போதிய அளவு கூடவில்லையெனில், கூட்டமாகப் பாய்வது இழப்பிலேயே முடியும்.

மூன்று பேர் மட்டும் களத்தில் உள்ளபோது வெற்றிக்கு 2 புள்ளிகள் கிடைப்பதால், ஒருவர் மட்டும் ஈடுபடும் முயற்சி மூன்றில் ஒருமுறை வென்றாலே கணக்கு நேராகிவிடும். ஆட்கள் குறைந்த அணி துணிந்து பிடிக்க முயல்வதற்கு இதுவே காரணம். ஆனால் மூவருமே தொடப்பட்டுப் பாடி வருபவர் தப்பினால், 3 புள்ளிகளுடன் லோனாவின் 2 புள்ளிகளும் சேர்ந்து 5 புள்ளிகள் பறிபோகும்.

இக்கணக்கில் சேராத ஒன்றும் உண்டு. பிடிபட்டவர் எதிரணியின் சிறந்த வீரராயின், அவர் வெளியே அமர்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆதாயமே. அவரது அணி புள்ளி எடுத்து அவரை மீட்கும் வரை அவரால் பாடி வர இயலாது.

பொதுவான தவறுகள்

முந்திய பிடி: பாடி வருபவர் இன்னும் உள்ளே வராத நிலையில் முன்னோக்கிப் பாய்தல். வருணனைகளில் இது அட்வான்ஸ் டேக்கிள் எனப்படுகிறது. இளம் வீரர்களிடம் அதிகம் காணப்படும் தவறு இதுவே.

நிமிர்ந்து நிற்றல்: முழங்கால் மடங்காமல் நிற்பவர் தாழ்ந்து காலைப் பற்றுவதற்குள் கால் போய்விடும்.

துரத்துதல்: தப்பிச் செல்பவரை நடுக்கோடு வரை துரத்துதல். பாடல் முடியும் முன் தடுப்பவர் எதிரணிக் களத்தை மிதித்தால் அவரே ஆட்டமிழப்பார்.

லாபியை மிதித்தல்: தொடுகை ஏற்படும் முன் லாபிக்குள் கால் வைத்துத் தானே ஆட்டமிழத்தல்.

சங்கிலியை உயர்த்துதல்: கைகோத்தவர்கள் கைகளை மார்பளவுக்கு உயர்த்தினால், குனிந்து அடியில் நுழைபவருக்கு வழி கிடைத்துவிடும். டுப்கி எனப்படும் இவ்வுத்தியால் பெயர் பெற்றவர் பர்தீப் நர்வால். 2017இல் அரியானா ஸ்டீலர்சு அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் அவர் தனியொருவராக 34 புள்ளிகள் எடுத்தார்.

மணலும் விரிப்பும்: இராமநாதபுரம் கடற்கரை

பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் ஒருசேரக் கொண்ட இராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், இராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி என நீளும் கடற்கரையை ஒட்டி மணற்பாங்கான நிலம் அமைந்துள்ளது. இத்தகைய நிலத்தில் சடுகுடு ஆடுவதற்குக் கோடு கிழிக்க ஒரு குச்சியும், போட்டியெனில் சிறிது சுண்ணாம்புத் தூளும் போதும். வேறு கருவி எதுவும் தேவையில்லை. தென்மாவட்டங்களில் பொங்கலையும் ஊர்த் திருவிழாக்களையும் ஒட்டி நடைபெறும் கபடிப் போட்டிகள், பகல் வெப்பத்தைத் தவிர்க்க மாலையிலும் இரவில் மின்விளக்கு ஒளியிலும் நடத்தப்படுவதுண்டு. மாவட்ட அளவிலான போட்டிகளுக்கு இராமநாதபுரத்திலுள்ள சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் பயன்படுகிறது.

மணலின் தன்மை தடுப்பாட்டத்தை நேரடியாகப் பாதிக்கிறது. மணலில் கால் புதைவதால், உந்தி எழும் விசையில் ஒரு பகுதி வீணாகிறது. இதனால் பாடி வருபவரின் திடீர்த் திருப்பம் மெதுவாகிறது. தடுப்பவர் மோதும் வேகமும் அவ்வாறே குறைகிறது. எனவே மணலில் மோதலைவிடக் கைப்பிடிகளுக்கு, குறிப்பாகக் கணுக்கால் பிடிக்கும் தொடைப்பிடிக்கும், முதலிடம் கிடைக்கிறது. விழுந்தால் அடிபடும் அச்சம் குறைவாதலால் சிறுவர்களும் தயங்காமல் பாய்ந்து பழகுகின்றனர்.

மாநில, தேசிய, பன்னாட்டுப் போட்டிகளோ செயற்கை விரிப்பின் மேல் காலணி அணிந்து ஆடப்படுகின்றன. விரிப்பில் கால் நழுவுவதில்லை. உந்து விசை முழுமையாகக் கிடைக்கிறது. மணலில் ஓரடி எடுத்து வைக்கும் நேரத்தில் விரிப்பில் பாடி வருபவர் திரும்பியே விடுகிறார். மணலில் பழகிய தடுப்பவர் அதே காலக்கணிப்பில் பாயும்போது, அவர் கை காற்றைத்தான் பிடிக்கும். பாய்வதற்கான துணிவும் பிடியின் உறுதியும் மணலிலிருந்து கிடைத்த நன்மைகள். காலக்கணிப்பையும் நகர்வையும் அவர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியுள்ளது. இரயில்வே, காவல்துறை முதலிய துறைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டின் வழி வேலை பெறுவது பல சிற்றூர் வீரர்களின் குறிக்கோளாக உள்ளது. அதற்கு வழிவகுக்கும் போட்டிகள் விரிப்பில் நடப்பதால், பயிற்சிக்கு விரிப்பு கிடைக்கிறதா என்பது ஒருவரின் வாய்ப்பைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாகிறது.

மணலில் வேறொரு சிக்கலும் உண்டு. பிடி முயற்சியின்போது நடுக்கோடு பல கால்களால் அழிந்துவிடும். பிடிபட்டவரின் விரல் நுனி கோட்டைத் தொட்டதா இல்லையா என்பதே பெரும்பாலான தகராறுகளுக்குக் காரணமாகிறது. கோட்டின் இடத்தில் கயிறு பதிப்பது இதனைக் குறைக்க உதவும்.

குறிப்பிடத்தக்க வீரர்களும் ஆட்டங்களும்

தமிழ்நாட்டின் தடுப்பாட்டக்காரர்களுள் பரவலாக அறியப்பட்டவர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த இவர் வலது கார்னர் நிலையில் ஆடியவர். 2016இல் நடைபெற்ற புரோ கபடி லீக்கின் நான்காம் பருவத்தில் இவரது தலைமையில் பாட்னா பைரேட்சு அணி கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் செய்ப்பூர் பிங்க் பேந்தர்சு அணியை அது 37–29 என்ற கணக்கில் தோற்கடித்தது. அவ்வணியின் இடது கார்னராக ஈரானிய வீரர் பசல் அத்ராச்சலி ஆடினார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் சேரலாதன் இடம்பெற்றிருந்தார். நாற்பது வயதைக் கடந்த பின்னரும் அவர் லீக் போட்டிகளில் ஆடினார். கார்னர் நிலையில் வேகத்தைவிடக் காலக்கணிப்பு முதன்மையானது என்பதற்கு அவரது ஆட்ட வாழ்வு சான்றாகக் காட்டப்படுவதுண்டு.

தென்தமிழ்நாட்டின் பாடி வரும் வீரர்களுள் புகழ்பெற்றவர் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த மணத்தி கணேசன். 1994 இரோசிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய இவர் அருச்சுனா விருது பெற்றவர். 2025இல் வெளிவந்த பைசன் காளமாடன் திரைப்படம் இவரது வாழ்வைத் தழுவியது.

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1990 முதல் 2014 வரை நடந்த ஏழு ஆடவர் போட்டிகளிலும் இந்தியாவே தங்கம் வென்றது. 2018இல் சகார்த்தாவில் நடந்த அரையிறுதியில் ஈரான் 27–18 என்ற கணக்கில் இந்தியாவை வென்று இத்தொடரை முடித்தது. விரைந்தாடும் வீரர்கள் நிறைந்த இந்திய அணி 18 புள்ளிகளுக்குள் அடங்கியது, ஈரானின் தடுப்பாட்டத்தின் மீது உலகின் கவனத்தைத் திருப்பியது. அதே போட்டியின் மகளிர் இறுதி ஆட்டத்திலும் ஈரான் 27–24 என வென்றது. 2023இல் காங்சூவில் நடந்த ஆடவர் இறுதி ஆட்டத்தில் இந்தியா 33–29 என ஈரானை வென்று பட்டத்தை மீட்டது.

2017இல் உருவாக்கப்பட்ட தமிழ் தலைவாசு அணி, 2022ஆம் ஆண்டின் ஒன்பதாம் பருவத்துக்குப் பவன் செராவத் என்னும் முன்னணி வீரரை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அவர் முதல் ஆட்டத்திலேயே காயமுற்று வெளியேறினார். ஆயினும் அப்பருவத்தில் அவ்வணி முதன்முறையாக அரையிறுதியை எட்டியது. இளம் வீரர் நரேந்தரின் புள்ளிகளும், கார்னர் நிலைகளில் ஆடிய சாகர், சாகில் ஆகியோரின் தடுப்பாட்டமும் இதற்குத் துணைநின்றன.

ஒத்த விளையாட்டுகள்

விரைந்து நகரும் ஒருவரைப் பலர் சேர்ந்து அடக்கும் நிலை வேறு விளையாட்டுகளிலும் உண்டு. இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் நடைபெறும் வடமாடு மஞ்சுவிரட்டில், நீண்ட வடத்தில் கட்டப்பட்ட காளையை ஒரு குழுவினர் குறித்த நேரத்துக்குள் அடக்க வேண்டும். அங்கும் ஒருவர் முதலில் திமிலைத் தழுவி வேகத்தைக் குறைக்க, மற்றவர்கள் துணைசெய்வர்.

யாழ்ப்பாணப் பகுதியில் ஆடப்படும் கிளித்தட்டு விளையாட்டில், தடுப்பு அணியினர் தத்தம் கோட்டில் நின்று, கடந்து செல்ல முயல்பவர்களைத் தடுப்பர். கிளி எனப்படுபவர் மட்டும் பிற கோடுகளிலும் ஓடித் தொடும் உரிமை பெற்றவர்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். அவர் ஓடவும் வல்லவராயின் தடுப்பு அணியின் திட்டம் மாறுகிறது. அவரை நோக்கிக் கண்மூடிப் பாய்ந்தால், பாய்ந்தவர் விட்டுச்சென்ற இடைவெளி வழியே அவர் ஓடிவிடுவார். ஆகவே ஒவ்வொருவரும் தமக்குரிய பாதையை விட்டு விலகாமல் நெருங்குவர். ஓரங்களில் உள்ளவர்கள் அவர் வெளிப்புறமாக ஓடாதபடி அணைகட்டுவர். ஒருவர் சற்றுப் பின்னே நின்று அவர் அசைவை மட்டும் கவனிப்பார். 2016இல் கல்லூரிக் கால்பந்தின் உயர் விருதான ஐசுமன் கோப்பையைப் பெற்ற இலமார் சாக்சன் ஓட்டத்தில் வல்லவர். அவர் ஆடிய இலூயிவில் அணியை, அவ்வாண்டு திசம்பர் 31 அன்று இலூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணி 29–9 என வென்றது. அவ்வாட்டத்தில் அவர் எட்டு முறை மடக்கப்பட்டார். ஓரத்தைக் காத்தல், பாதையைக் காத்தல், பொறுத்துப் பிடித்தல் ஆகிய மூன்றும் கபடியின் கார்னர், கவர், துணைப்பிடி ஆகியவற்றுடன் ஒப்பிடத்தக்கவை.

காயங்களும் பாதுகாப்பும்

தடுப்பாட்டத்தில் முகம், தோள், முழங்கால், கழுத்து ஆகியவற்றில் காயம் ஏற்படும் வாய்ப்பு உண்டு. கணுக்காலைப் பற்றப் பாய்பவர் தலையைப் பாடி வருபவரின் முழங்காலுக்கு நேரே கொண்டு சென்றால், அவரது உந்துதலில் முகத்திலும் கழுத்திலும் பலத்த அடி படும். தலையைக் காலின் வெளிப்புறத்தில் வைத்துத் தோளால் தாங்கிப் பிடிப்பதே பாதுகாப்பான முறை. பலர் ஒருவர் மேல் ஒருவராக விழும்போது அடியில் இருப்பவருக்கு ஆபத்து மிகுதி. ஆதலால் துணைக்கு வருபவர்கள் மேலே விழாமல் பக்கவாட்டில் சூழ்ந்து பிடிக்கவும், நடுவரின் ஊதல் கேட்டவுடன் பிடியை விடவும் பழக வேண்டும். பிடிபட்டவரை உயரத் தூக்கித் தலைகீழாகப் போடுவது அவரது கழுத்துக்குக் கேடு விளைவிக்கும்.

பயிற்சியில் பிடிப்பதற்கு முன் விழக் கற்பிப்பது இதனாலேயே வலியுறுத்தப்படுகிறது. ஊர்ப் போட்டிகளில் முதலுதவி வசதியும், ஆடுகளத்தில் கல், கிளிஞ்சல், முள் முதலியவற்றை நீக்குவதும் இன்றியமையாதவை. கடற்கரை மணலில் புதைந்திருக்கும் உடைந்த கிளிஞ்சல்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆட்டத்துக்கு முன் மணலைச் சலிப்பதோ கைகளால் அளைந்து பார்ப்பதோ கை கால்களில் வெட்டுக் காயங்களைத் தவிர்க்க உதவும்.